கரும்புக் காட்டில் அளந்த அறிவு

ஒரே ஆள். அதே மூளை, அதே மரபணுக்கள். சில மாத இடைவெளியில் அவருக்கு ஒரே வகைத் தேர்வை இரண்டு முறை வைக்கிறார்கள். முதல் முறையைவிட இரண்டாம் முறை மதிப்பெண் தெளிவாகக் கூடுகிறது. இடையில் அவர் எந்த வகுப்புக்கும் போகவில்லை, மாத்திரை மருந்து எதுவும் சாப்பிடவில்லை. நடந்தது ஒன்றுதான். வயலில் நின்ற கரும்பு வெட்டுப்பட்டு ஆலைக்குப் போனது. பணம் கைக்கு வந்தது.

இந்த ஆய்வு நடந்த இடம் அன்றைய விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள். இன்றைய கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்தோடு சேர்ந்திருந்தது. அது தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்து நடத்திய ஆய்வு இது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

கருவிலேயே மரபணுவைத் திருத்தி அறிவு கூடிய குழந்தைகளை உருவாக்கலாம் என்ற பேச்சு இன்று உலகெங்கும் வலுத்து வருகிறது. அந்தப் பேச்சுக்குள் நுழையும் யாரும் முதலில் இந்தக் கரும்பு விவசாயிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நம்புகிறேன். அறிவு என்று நாம் எதை அளக்கிறோம், அது எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்ற கேள்விக்கு உலகத்துக்கே பயன்படும் ஒரு விடை நம் மண்ணிலிருந்து போயிருக்கிறது.

வெட்டு உத்தரவு வரும் வரை

ஆய்வாளர்கள் கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கரணை நட்டதிலிருந்து வெட்டுக்குப் பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும். களை எடுப்பு, உரம், சோகை உரிப்பு, தண்ணீர் என்று அத்தனை செலவும் முன்னால் வரும். வரவு மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை. கரும்பு முற்றிவிட்டது என்பதற்காக விவசாயி தானாக வெட்டிவிடவும் முடியாது. ஆலை வெட்டு உத்தரவு கொடுக்க வேண்டும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு பதிந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நன்றாகவே தெரியும்.

அரவைப் பருவம் பல மாதம் நீளும். அதனால் அடுத்தடுத்த வயல்காரர்கள் இருவரில் ஒருவர் பணத்தை வாங்கியிருப்பார், இன்னொருவர் இன்னும் உத்தரவுக்குக் காத்திருப்பார். மழை, வெயில், திருவிழா எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். வேறுபடுவது கைக்காசு மட்டும். ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அமைவது கடினம். வெட்டுக்கு முன்பு 78 சதவீத விவசாயிகள் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 சதவீதமாக இறங்கியது.

தேர்வுகள் எழுத்தறிவைச் சோதிப்பவை அல்ல. ஒன்றில், வரிசையாகக் கொடுத்த வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். ரேவன் சோதனை என்று பெயர். நுண்ணறிவை அளக்க உலகெங்கும் பயன்படுவது. இன்னொன்றில் '5 5 5' என்று காட்டி, இங்கே எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். நாக்கு 'ஐந்து' என்று சொல்லத் துடிக்கும். சரியான விடை மூன்று. அந்தத் துடிப்பை அடக்கி மூளை எவ்வளவு விரைவாகச் சரியான விடைக்கு வருகிறது என்பதை இது அளக்கிறது.

ரேவன் சோதனையில் வெட்டுக்கு முன்பு சராசரியாக 4.35 விடைகள் சரியாக இருந்தன. வெட்டுக்குப் பின் 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது, பின்பு 131. ஒருமுறை எழுதிப் பழகியதால் மதிப்பெண் கூடியிருக்குமோ என்ற ஐயம் வரும். அதற்காகவே 100 விவசாயிகளைத் தனியே ஒதுக்கி, வெட்டுக்குப் பிறகுதான் அவர்களுக்கு முதல் தேர்வையே வைத்தார்கள். பழக்கம் மட்டும் காரணமில்லை என்பது அதில் தெரிந்தது.

வட்டி, அடகு, பள்ளிக் கட்டணம், கடைக்காரரின் கணக்கு என்று கவலைகள் மனத்தைப் பிடித்துக்கொள்ளும்போது யோசிக்க மிஞ்சுவது குறைகிறது. இதே ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு வணிக வளாகத்துக்கு வந்தவர்களிடமும் சோதனை நடத்தினார்கள். பெரிய செலவு ஒன்றைப் பற்றி யோசிக்க வைத்த பிறகு, வருமானம் குறைந்தவர்களின் மதிப்பெண் சரிந்தது. அந்தச் சரிவு சுமார் 13 நுண்ணறிவுப் புள்ளிகளுக்குச் சமம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கீட்டை விமர்சித்த அறிஞர்களும் உண்டு. ஆனால் கரும்பு விவசாயிகள் காட்டிய உண்மை எளிமையானது. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒருவரின் அறிவு கூடவும் குறையவும் முடியும்.

ஆயிரம் கை இழுக்கும் தேர்

இதனால் மரபணுவுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிடாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், நுண்ணறிவில் பரம்பரைக்குக் கணிசமான பங்கு இருப்பதை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பங்கு எத்தனை மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது என்பதில்தான் வியப்பு. 2018இல் 2,69,867 பேரை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, நுண்ணறிவோடு தொடர்புடைய 205 இடங்களையும் 1,016 மரபணுக்களையும் சுட்டிக்காட்டியது. அவையெல்லாம் சேர்ந்தும், மனிதர்களுக்கிடையே உள்ள நுண்ணறிவு வேறுபாட்டில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் விளக்கின. 2022இல் சுமார் 30 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை வைத்து, எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதோடு தொடர்புடைய சுமார் 4,000 இடங்களைக் கண்டார்கள். அவ்வளவு பெரிய முயற்சியும் வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தைத்தான் விளக்கியது. ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளில் உருவான இந்தக் கணிப்பு, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் வெகுவாகப் பிசகியது. நம் கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலைப் பழங்குடி மக்களை அந்தத் தரவுகளில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

அறிவு என்பது ஆயிரம் கை சேர்ந்து வடம் பிடிக்கும் தேர். எந்த ஒரு கையும் தேரை நகர்த்தியது நான்தான் என்று சொல்ல முடியாது. ஒரு கையை மாற்றினாலும் தேரின் வேகத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. தெரு மேடும் பள்ளமுமாக இருந்தால் எத்தனை கை இழுத்தும் தேர் நகராது.

மேடும் பள்ளமும் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்க உளவியலாளர் எரிக் டர்க்ஹைமர் 2003இல் காட்டினார். வசதியான வீடுகளில் வளர்ந்த ஏழு வயது இரட்டையர்களிடம் நுண்ணறிவு வேறுபாட்டில் பெரும்பகுதி மரபணுவால் வந்தது. மிக ஏழ்மையான வீடுகளில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய மறைந்துபோனது. வேறுபாட்டில் 60 சதவீதம் குடும்பச் சூழலால் வந்தது. ஏழைக் குழந்தையின் மரபணு என்ன செய்யக்கூடியது என்பது வெளிப்படவே வாய்ப்பில்லாமல் போகிறது என்பதுதான் இதன் பொருள்.

திருத்தும் கருவி

ஜெனிஃபர் டவுட்னா, எம்மானுவேல் ஷார்பென்டியே இருவரும் 2012இல் வெளியிட்ட கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறைக்கு 2020இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டி எறியப் பயன்படுத்தும் தற்காப்பு ஏற்பாடு இது. வழிகாட்டும் ஆர்.என்.ஏ. ஒன்று மரபணுத் தொடரில் சரியான இடத்தைத் தேடிப் பிடிக்கும். கேஸ்9 என்ற புரதம் அங்கே வெட்டும். வெட்டிய இடத்தைச் செல் தானே ஒட்டிக்கொள்ளும்போது மாற்றம் நுழைகிறது.

ஒரே ஒரு மரபணுவின் பிழையால் வரும் நோய்களுக்கு இது வரப்பிரசாதம். அரிவாள் வடிவ ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது முதலில் அடையாளம் காணப்பட்டதே நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம், 1952இல். அந்நோய்க்கான முதல் கிரிஸ்பர் சிகிச்சை 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். இதே காலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனமும் சேர்ந்து, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கு மரபணுச் சிகிச்சை அளித்தன. நோயாளியின் ரத்த மூலச் செல்களை எடுத்து, நல்ல மரபணுவின் பிரதி ஒன்றைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் முறை. சிகிச்சை பெற்ற ஐவருக்கும் அதன்பின் ரத்தக்கசிவு நின்றது. 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. இந்த இரண்டு சிகிச்சைகளிலும் மாற்றம் நோயாளியின் உடலோடு முடிகிறது. பிள்ளைகளுக்குப் போகாது.

அறிவைக் கூட்டும் கனவு இதிலிருந்து இரண்டு வகையில் வேறுபடுகிறது. அங்கே திருத்த ஒரு பிழை இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள்தான் இருக்கின்றன. மாற்றத்தைக் கருவிலேயே செய்ய வேண்டும். அது பேரன் பேத்திகளுக்கும் இறங்கும்.

ஒரு மரபணுவைத் தொட்டால் வேறு எது அசையும் என்பதும் முன்கூட்டித் தெரிவதில்லை. 1999இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியென் குழுவினர் என்.ஆர்.2.பி. மரபணுவை எலிகளில் கூடுதலாக இயங்க வைத்தார்கள். அந்த எலிகள் விரைவாகக் கற்றன, நெடுநாள் நினைவு வைத்திருந்தன. இரண்டே ஆண்டில் அதன் மறுபக்கம் தெரிந்தது. அழற்சியால் நீடிக்கும் வலியையும் அவை அதிகமாக உணர்ந்தன. 2018இல் சீனாவின் ஹ ஜியான்குய், எச்.ஐ.வி. தாக்காதபடி சி.சி.ஆர்.5 மரபணுவைக் கருவில் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டு சிறை விதிக்கப்பட்டது. அதே மரபணுவை நீக்கிய எலிகளுக்கு நினைவாற்றல் கூடுவது 2016இலேயே தெரிந்திருந்தது. அந்தக் குழந்தைகளின் மூளையில் என்ன மாற்றம் நேரும் என்பது அவர்கள் வளர வளரத்தான் தெரியவரும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

திருத்தாமல் தேர்ந்தெடுக்கும் வழியும் பேசப்படுகிறது. சோதனைக்குழாய் முறையில் உருவான பல கருக்களில், மரபணுக் கணிப்பின்படி அறிவு கூடியதாகத் தெரியும் ஒன்றைக் கருப்பையில் வைப்பது. பத்துக் கருக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சராசரியாகக் கூடுவது சுமார் 2.5 புள்ளிதான் என்று 2019இல் ஷாய் கார்மி தலைமையிலான குழு கணக்கிட்டுச் சொன்னது. கடன் கவலை பறிக்கும் அறிவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் விவசாயிக்கு ஆலை பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டியோடு தர வேண்டும் என்று 1966இன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்த ஆணையை ஒழுங்காக நிறைவேற்றுவது, எந்த ஆய்வகமும் இன்று தர முடியாத அறிவு மேம்பாட்டை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தரும்.

ஸ்கேன் சொன்ன பாடம்

நாளை அறிவியல் முன்னேறி, கருவில் அறிவைக் கூட்டுவது உண்மையிலேயே சாத்தியமாகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் சமூகம் அதை எப்படிப் பயன்படுத்தும்? இதற்கு ஊகம் தேவையில்லை. கருவின் நோயறிய வந்த ஒரு கருவியை நாம் எப்படிப் பயன்படுத்தினோம் என்பது பதிவாகி இருக்கிறது.

ஸ்கேன் கருவி வந்தது கருவின் நலம் பார்க்க. அதை வைத்துப் பெண் கருவைக் கண்டறிந்து கலைத்தோம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய சேலம், கல்வராயன் மலையின் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. 1994இல் பாலினம் கண்டறிவதற்குத் தடைச் சட்டம் வந்தது. அதன்பிறகும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு இந்தியாவில் 918 பெண் குழந்தைகள், தமிழ்நாட்டில் 943. வட மாவட்டங்களில் கையடக்க ஸ்கேன் கருவியோடு பாலினம் சொன்னவர்கள் கைதான செய்தி இன்னமும் வருகிறது. தனித்தனியே ஒவ்வொரு குடும்பமும் தன் நன்மை என்று நினைத்து எடுத்த முடிவு, மொத்தமாகச் சேர்ந்து ஒரு தலைமுறையின் முகத்தையே மாற்றியது. அறிவுக் கணிப்போடு ஒரு கரு விற்பனைக்கு வந்தால் இதுவேதான் நடக்கும். வரதட்சணைப் பட்டியலில், வரன் பார்க்கும் பேச்சில், பள்ளிச் சேர்க்கையில் அது நுழைய அதிக நாள் ஆகாது.

போட்டித் தேர்வுகளை நினைத்துப் பாருங்கள். மருத்துவ இடங்களின் எண்ணிக்கை எல்லோருடைய மதிப்பெண்ணும் கூடுவதால் கூடிவிடாது. பத்துப் பேர் பணம் கட்டிப் பிள்ளைகளின் அறிவைக் கூட்டினால், பதினோராவது ஆளும் கடன் வாங்கியாவது கூட்ட நினைப்பார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தேவைப்பட்டதே, பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணம் உருவாக்கிய இடைவெளியை 2020இல் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்ததால்தான். பயிற்சி மையத்தின் இடைவெளி ஒரு தலைமுறையோடு நிற்கும். கருவில் வாங்கிய இடைவெளி சொத்தைப் போலப் பரம்பரையாக இறங்கும்.

பிறப்பால் அறிவு என்ற எண்ணத்தின் கொடுமையை உலகமும் நாமும் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறோம். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் 60,000க்கும் மேற்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அவர்களில் பலருக்கு ஒட்டப்பட்ட முத்திரை 'அறிவு குறைந்தவர்' என்பது. நம் ஊரில் சாதி அதே வேலையைச் செய்தது. தகப்பன் தொழிலைப் பிள்ளை கற்கட்டும் என்ற 1953இன் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, மறு ஆண்டே திரும்பப் பெற வைத்தது தமிழ்நாடு. மரபணுச் சான்றிதழோடு வரும் அறிவு, அந்தப் பழைய வாதத்துக்கு அறிவியலின் சட்டையை மாட்டிவிடும்.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் கதையும் இதைத்தான் சொல்கிறது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆகும் வரை அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மக்கள் கூலியில்லாமல் அவர்களுக்கு உழைத்தார்கள். 1976இல்தான் அது முடிவுக்கு வந்தது. 2024இல் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, அந்த மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. பள்ளியும் சாலையும் தாமதமாக வந்த ஊரில் பிள்ளைகள் மதிப்பெண் குறைவாக எடுத்தால், அதற்கு மரபணுவைக் காரணம் காட்டுவது பெரும் அநீதி.

எல்லோருக்கும் கிடைத்த மேம்பாடு

அறிவைக் கூட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. மனித குலம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. 1932க்கும் 1978க்கும் இடையில் அமெரிக்கர்களின் நுண்ணறிவு மதிப்பெண் சுமார் 14 புள்ளி உயர்ந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் காட்டினார். இரண்டு தலைமுறைக்குள் மரபணு அவ்வளவு மாறாது. மாறியவை சாப்பாடு, பள்ளி, சுகாதாரம், வாழ்க்கை முறை.

நம் நாட்டு உதாரணம் உப்பு. அயோடின் இல்லாவிட்டால் தைராய்டு சுரப்பியால் தன் ஹார்மோனை உருவாக்க முடியாது. கருவின் முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான். கடுமையான அயோடின் குறைபாடு உள்ள பகுதிகளில் குழந்தைகளின் நுண்ணறிவு சுமார் 13 புள்ளி தாழ்ந்திருந்தது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. வி. ராமலிங்கசுவாமி 1956இல் இமயமலையின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பே போதும் என்று நிரூபித்தது. 2006இலிருந்து சமையலுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்பது இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டது. தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்புச் சத்தையும் சேர்த்து இரட்டைச் சத்து உப்பைத் தயாரித்துச் சத்துணவுக்குத் தருகிறது. காமராஜர் 1956இல் மாநிலமெங்கும் கொண்டுசென்ற மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்தது. 1989இல் கருணாநிதி முட்டை சேர்த்தார். 2022இல் காலை உணவும் வந்தது. இவை ஒவ்வொன்றும் அறிவை மேம்படுத்தும் திட்டம்தான். பணக்காரர் வீட்டு உப்புக்கும் ஏழை வீட்டு உப்புக்கும் வித்தியாசம் இல்லாததால், இந்த மேம்பாடு யாரையும் யாருக்கும் கீழே தள்ளவில்லை.

மருந்துக்கும் மேம்பாட்டுக்கும் இடையிலான கோட்டை இந்தியச் சட்டமும் நெறிமுறைகளும் இப்போதைக்குத் தெளிவாகவே போட்டிருக்கின்றன. பரம்பரையாக இறங்கும் மரபணு மாற்றத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017, 2019 வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. கருக்களைப் பரம்பரை நோய்க்காக மட்டுமே சோதிக்கலாம் என்கிறது 2021இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம். ஸ்கேன் விஷயத்தில் சட்டம் இருந்தும் சமூகம் ஏமாற்றியதை மறந்துவிடாமல், இந்தக் கோட்டைக் காப்பது நம் பொறுப்பு. மரபணுச் சிகிச்சை நீலகிரியின் அரிவாள் ரத்தசோகைக் குழந்தைக்கும் எட்டும் விலையில் வர வேண்டும் என்று கேட்பதும் அதே அளவு நம் பொறுப்பு.

மனித அறிவை எப்படி, யாருக்குக் கூட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஆய்வகத்துக்கும் பணம் கட்டக்கூடிய பெற்றோருக்கும் மட்டும் உரியதல்ல. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அதில் சம பங்கு உண்டு. அந்தப் பிள்ளையின் மூளைக்கு வேண்டிய உணவும் பள்ளியும் நிம்மதியும் முழுமையாகக் கிடைக்கும் வரை, இன்னொரு பிள்ளையின் மூளையைக் காசுக்கு மேம்படுத்த நமக்கு எந்த நியாயமும் கிடையாது.